கூனிமலைக்குப் பொட்டு வந்த வருஷம்

கூனிமலைக் குவாரியின் பாறைச் சுவரில் முதல் பொட்டு விழுந்த காலையில் ஒச்சம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி, அதனால் ஊரே அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது அவள் மட்டும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஜல்லி உடைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் வீரணன்தான் வந்து தோளைத் தொட்டு, "ஏ புள்ள, மேல பாரு, மலை பொட்டு வச்சிருக்கு" என்றான். பார்த்தாள். நாலு ஆள் உயரத்தில் துருத்திக்கொண்டு நின்ற ஒரு கல்லின் நடு நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு, இப்போதுதான் யாரோ விரலை எடுத்ததுபோல, ஈரம் காயாத குங்குமம். "யாரு ஏறி வச்சது?" என்று கேட்டாள். "யாரும் ஏறல" என்றான் வீரணன். "சரி" என்று சொல்லிவிட்டுக் கிராம்பை நறுக்கென்று கடித்துக்கொண்டு சுத்தியலை எடுத்தாள். பத்து மணி வாக்கில் அந்தக் கல் தானாகப் பெயர்ந்து விழுந்தது, அடியில் யாரும் இல்லை, ஒரு தூக்குவாளி மட்டும் நசுங்கியது, அதுவும் பழைய வாளி.

வீரணனின் வேலை மலையைத் தட்டிக் கேட்பது. ஏழடி நீளக் கம்பி ஒன்று வைத்திருந்தான், பிடித்துப் பிடித்து நடுப்பக்கம் வழுவழுத்துப்போன கம்பி. தினமும் காலையில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கிற அரைமணி நேரத்தில் அவன் தனியாகச் சுவரோரம் போய் மேலிருந்து கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே வருவான், மலையோடு ஒட்டின கல் கணீரென்று சொல்லும், உள்ளே விரிசல் விட்டு, இதோ விழுகிறேன் என்று நிற்கிற கல் பொத்தென்று சொல்லும், பொத்தென்று சொன்னால் அதைக் கம்பியால் நெம்பித் தள்ளாமல் ஒரு ஈ எறும்பை அடியில் விடமாட்டான். தள்ளுவதற்கு முன்னால் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பான்: "கல்லு வருதேய், ஒதுங்கு!" இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டுத்தான் கூனிமலையில் வேலை ஆரம்பிக்கும். கல்யாணமாகி வீட்டுக்குள் வலதுகாலை வைத்தவன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் முதலில் நாலு சுவரையும் தட்டிப் பார்த்தானாம், அதை ஒச்சம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "என்னையத் தட்டிப் பாக்கலையே, அதுவரைக்கும் பொழச்சேன்" என்பாள்.

ஒச்சம்மாவின் தம்பி தவசிதான் குவாரிக்கு மேஸ்திரி. தம்பி என்று வாய் சொன்னாலும் அவளுக்கு அவன் பிள்ளை. அம்மா செத்தபோது அவனுக்கு ரெண்டு வயசு, அவளுக்குப் பதினாலு. ஒரு பக்கத்து இடுப்பில் அவனை வைத்துக்கொண்டு மறு கையால் கல் உடைத்தவள், சில்லு தெறித்து அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் அவன் முகத்தை மூடி மூடியே வளர்த்தவள். அவன் வளர்ந்து பத்தாவது வரை படித்து நின்றபோது, வீரணன்தான் மேனேஜர் ஆபீஸ் வாசலில் மூணு நாள் நின்று அவனை மேஸ்திரியாக்கினான். தனக்குக் கேட்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோணவே இல்லை.

முதல் பொட்டுக்கு மறுநாள் ரெண்டு பொட்டு, அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லை, அப்புறம் ஏழு என்று வர ஆரம்பித்தது, வந்த இடமெல்லாம் பொத்தென்று சொல்லுகிற இடம், அதில் ஒருநாளும் பிசகு இல்லை. கல்லில் மட்டும் இல்லை, வெடிக்காமல் மருந்தோடு நின்றுபோன ஒரு குழியின் வாயில் வந்தது, தொங்கி வேலை செய்கிறவர்களின் வடத்தில் நைந்த இடத்தில் வந்தது, டிப்பர் லாரியின் பின் டயரில் வந்தது, நிழலுக்குப் போட்டிருந்த கொட்டகையின் நடு உத்தரத்தில் வந்தது. முதல் வாரம் ஊர் பயந்தது, ரெண்டாவது வாரம் எங்கள் சாமியா உங்கள் சாமியா என்று தெற்குத் தெருவும் வடக்குத் தெருவும் சண்டை போட்டுக்கொண்டது, மூணாவது வாரம் சாமி யாராக இருந்தால் என்ன, பொட்டு வைக்கிறவள் நமக்காகத்தானே வைக்கிறாள் என்று சமாதானமாகி, அதற்கப்புறம் கரண்டு வருவதும் போவதும்போல அதுவும் ஒரு அன்றாடம் ஆகிவிட்டது. பொட்டு கண்ட இடத்துக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், பெயர்த்துத் தள்ளாமல் அடியில் போகக் கூடாது, இதுதான் சட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிவப்புச் சாக்கட்டியை வைத்துக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடின, பொட்டு வாங்கின பிள்ளையைச் சுற்றி மற்றதெல்லாம் பத்தடி எண்ணி நின்று கெக்கெக்கே என்று சிரித்தன. கம்பெனியின் சேஃப்டி ஆபீசர், மாசத்துக்கு ஒருதரம் வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் போகிற புண்ணியவான், 'சிவப்புக் குறியீட்டு முறை' என்று எழுதி அது தான் கண்டுபிடித்தது என்று சொல்லி ஒரு ஷீல்டு வாங்கிக்கொண்டார். வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள், 'விபத்தில்லா நாட்கள்' என்று, தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றுவது தவசியின் வேலை.

ஒருநாள் டீக்கடையில் யாரோ கேட்டார்கள், "ஏப்பா மேஸ்திரி, இது மனுசனுக்கு வருமா?" தவசி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான், "மனுசன் எங்கய்யா பேந்து விழப்போறான்?" கடையே சிரித்தது, ஒச்சம்மாவும் சிரித்தாள். தம்பி பேசினால் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமைதான்.

இங்கேதான் கூனிமலைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பொட்டுதான் வருகிறதே, இனிமேல் தட்டுவானேன் என்று கேட்டார்கள். கேட்டது கம்பெனி இல்லை, அவர்களேதான். அந்த அரைமணி மிச்சமானால் சாயங்காலம் அரைமணி முன்னாலேயே வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகளைக் குளிப்பாட்டலாம், ஒரு சீரியல் பார்க்கலாம். தவசி போய் மேனேஜரிடம் பேசினான், மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். வீரணன் ஒருத்தன்தான் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "பொட்டு வரட்டும், வேணாங்கல. ஆனா மாப்ள, கண்ணால பாத்தாலும் காதால ஒருதரம் கேட்டுக்கிறணும்ல?" என்றான். "மச்சான், மலையே சொல்லுது, நீங்க என்ன மலைக்கு மேலயா?" என்றான் தவசி, சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள், வீரணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கம்பியை மூலையில் சாத்தினான். அவனைத் துளை போடுகிற வேலைக்கு மாற்றினார்கள், இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு சுவரில் தொங்கியபடி கம்ப்ரசர் மெஷினால் பாறையைத் துளைக்கிற வேலை. அந்த மெஷின் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மலையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு அப்படி ஒரு வேலை. வீட்டுக்கு வந்தால் ரெண்டு காதிலும் வண்டு கத்துகிறது என்பான். ஒச்சம்மா அவனை அதட்டினாள், "எல்லாரும் ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம் போவியா? எந் தம்பி உனக்குக் கெடுதல் பண்ணுவானா?"

அவள்தான் சொன்னாள். அவள் வாயால்தான் சொன்னாள். அதை இன்றைக்கும் அவள் மறைப்பதில்லை.

போர்டில் நானூத்திப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்த சித்திரை மாசத்து வியாழக்கிழமை. மலையின் கிழக்குச் சுவரில் நல்ல கறுப்புக் கல் வரி ஒன்று கண்டிருந்தது, அந்த வாரத்துக்குள் அதை எடுத்துக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அலைந்துகொண்டிருந்தார். ஒச்சம்மா காலையில் போனபோது கிழக்குச் சுவர் முழுக்க நனைந்து மினுமினுவென்று நின்றது, அடியில் தரையெல்லாம் சகதி. தண்ணீர் டேங்கர் பக்கத்தில் தவசி ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, மழையா பேஞ்சுச்சு?"

"தூசிக்குத்தான்க்கா. வெயில் காலம், தூசி நெஞ்சுக்குள்ள போயிருதுல்ல. அதான் காலையிலயே தண்ணி அடிச்சு விட்டேன்."

ஒச்சம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. குவாரித் தூசியில் இருமி இருமிச் செத்தவர்தான் அவர்கள் அப்பா. அதை நினைத்துத்தான் செய்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். "நல்லாயிருப்படா தம்பி" என்று வாயாரச் சொன்னாள். அவன் தலையைத் தூக்காமல் பைப்பைச் சுருட்டினான். சுவரை எல்லோரும் பார்த்தார்கள், ஒரு பொட்டுக்கூட இல்லை, கழுவிவிட்ட தாம்பாளமாட்டம் சுத்தமாக இருந்தது. வீரணன் வடத்தைக் கட்டிக்கொண்டு மேலே போனான். போகிறபோது பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் சுவரை ரெண்டு தட்டுத் தட்டினான், கீழே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்துவிட்டது, என்ன கேட்டதோ, தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் நின்றான், அப்புறம் மெஷினை எடுத்தான்.

எட்டரை மணிக்கு ஒச்சம்மா தண்ணீர் குடிக்க எழுந்தாள். சேலைக் கரை காலில் ஒட்டிக்கொண்டு வந்தது, சகதிதானே என்று உதறக் குனிந்தாள். கரை சிவப்பாக இருந்தது. பாதம் ரெண்டும் சிவப்பு. சகதிக்கு நடுவில் ஓடி, வெயிலில் காய்ந்த பிறகு நிறம் தெரிந்த கோடெல்லாம் சிவப்பு. அவள் உட்கார்ந்திருந்த இடம், நடந்த இடம், ஜல்லிக் குவியலின் அடி என்று எல்லாம் குங்குமம், நாலு வீட்டுக் கல்யாணத்துக்கு ஆரத்தி கரைக்கிற குங்குமம். எவ்வளவு பெரிய பொட்டாக இருந்தால் இவ்வளவு கரைந்து ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள், எதிரே தவசி நின்றான். அவன் சுவரைப் பார்க்கவில்லை. அவள் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒச்சம்மாவுக்கு அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அவள் போட்ட சத்தம் மேற்குச் சுவரில் மோதித் திரும்பி வந்ததென்று சொல்வார்கள், இருபத்திரண்டு வருஷம் புருஷன் வாயில் கேட்ட அதே சத்தம்: "கல்லு வருதேய், ஒதுங்கு! ஒதுங்கு!" கீழே நின்ற ஒன்பது பேரும் ஏன் என்று கேட்காமல் ஓடினார்கள், ஒன்பது பேரும் பிழைத்தார்கள். மேலே தொங்கினவனுக்குக் கேட்கவில்லை. கூனிமலையிலேயே நல்ல காது அவனுக்கு, அவன் காதில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒருதரம் திரும்பிக் கீழே பார்த்தான், அவள் கையை ஆட்டுவதைப் பார்த்து என்ன புள்ள என்பதுபோல அவனும் கையை ஆட்டினான், அப்போது சுவர் இறங்கியது.

கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள், அன்று பொட்டு இல்லை, அதனால் யார் மேலும் குற்றம் இல்லை என்று. போர்டில் எண்ணை அழித்து முட்டை போட்டார்கள்.

ஒச்சம்மா அழவில்லை, பேசவும் இல்லை. சேலையைத் துவைக்காமல் கொடியில் போட்டாள், வந்தவர் போனவர் எல்லோரும் அந்தக் கரையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தவசியைப் பார்த்தார்கள். தவசி பாடை தூக்கினான், பந்தல் போட்டான், வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான், ஓடி ஓடி அத்தனை வேலையும் பார்த்தான். பதினாறாம் நாள் கருமாதி. தாலி இறக்குகிற பொம்பளைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கூடப்பிறந்தவன்தான் கொண்டுவந்து போடவேண்டும், வேறு யார் போட்டாலும் செல்லாது. ஒச்சம்மாவைப் பலகையில் உட்காரவைத்து, பெண்கள் சுற்றி நின்று, நெற்றியில் கடைசியாக வைத்த பொட்டை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். தவசி தட்டில் சேலையோடு உள்ளே வந்தான். துணியை அவள் நெற்றியிலிருந்து எடுத்த அந்த நிமிஷத்தில், இந்த நெற்றியில் அழிந்தது அந்த நெற்றியில் வந்தது. ஒரு ரூபாய் அகலத்துக்கு, ஈரம் காயாமல்.

யாரும் கத்தவில்லை. கூனிமலைக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும், என்ன செய்யவேண்டும் என்றும் தெரியும். பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள், ஆண்கள் எழுந்து பந்தக்காலோரம் போனார்கள், நடு முற்றத்தில் தவசி தட்டோடு தனியாக நின்றான், சுற்றிலும் பத்தடி.

"என்னக்கா, எல்லாரும்..." என்று நெற்றியைத் தடவினான். விரலைப் பார்த்தான். தட்டு நழுவிக் கீழே விழுந்தது.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். விடிகாலையில் போய்ப் பார்த்தபோது கிழக்குச் சுவரில் சுளகு அகலத்துக்கு ஒரு பொட்டு இருந்ததாம், மேனேஜருக்குப் போன் போட்டானாம், வேறு யாராவது பார்த்தார்களா என்று ஒரே ஒரு கேள்விதான் அவர் கேட்டாராம், இல்லை என்றதும் அப்படியானால் தண்ணீர் அடித்துவிடு, வெள்ளிக்கிழமை முடியட்டும், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். "ரெண்டு நாள் தாங்கும்னு நெனச்சேன்க்கா. சத்தியமா ரெண்டு நாள் தாங்கும்னுதான் நெனச்சேன்."

"அவரு ஏறுறாருன்னு உனக்குத் தெரியும்" என்றாள் ஒச்சம்மா. பதினாறு நாளில் அவள் பேசின முதல் பேச்சு அது. "உன் மச்சான் வடத்தக் கட்டும்போது நீ பக்கத்துல நின்ன. நாலு மொழம் தள்ளி நின்ன. வாயத் தொறக்கல. நான் உன்ன நல்லாயிருன்னு சொன்னேன், அதையும் வாங்கிக்கிட்ட."

கோடிச் சேலை மண்ணில் கிடந்தது, அதை யாரும் எடுக்கவில்லை, ஒச்சம்மா கட்டியிருந்த சேலையோடேயே எழுந்து உள்ளே போனாள்.

மேனேஜருக்குப் பொட்டு வருமென்று ஊர் ஒரு மாசம் காத்திருந்தது. வரவில்லை. அவர் நெற்றியைப் பார்க்கவென்றே ஆபீஸ் ஜன்னலில் ஆள் நின்றது, பளபளவென்று அப்படியே இருந்தது நெற்றி. வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது என்ன நியாயம் என்று வடக்குத் தெருவில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. மலைக்கு அவரை யாரென்று தெரியாது, ஒருநாளாவது கையால் மலையைத் தொட்டிருந்தால்தானே தெரியும் என்பது ஒச்சம்மாவின் கட்சி.

தவசிக்கோ அந்தப் பொட்டு நிலைத்துவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தான், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான், திருநீற்றை அள்ளிப் பூசினான், தலைத்துண்டைப் புருவம்வரை இறக்கிக் கட்டினான், துண்டுக்கு மேலேயே வந்தது. ஊர் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, தள்ளி வைக்கிறோம் என்று பஞ்சாயத்தும் கூட்டவில்லை, சட்டப்படி பத்தடி தள்ளி நின்றது, அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசையில் அவனுக்கு முன்னாலும் பத்தடி பின்னாலும் பத்தடி, மினிபஸ்ஸில் அவன் ஏறினால் பின்பாதி காலி, டீக்கடைக்காரர் கிளாசை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், அவள் மேல் என்ன தப்பு, பொட்டுக்கு அடியில் பிள்ளைகளைப் படுக்கவைக்க முடியுமா.

குவாரியில் பொட்டு இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒச்சம்மா வேலைக்குத் திரும்பின அன்றைக்கு வீட்டு மூலையிலிருந்த ஏழடிக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு அந்த அரைமணி வேண்டும் என்று புது மேனேஜரிடம் கேட்டாள், பார்க்கலாம் என்றார், ஜல்லி உடைக்கிற பெண்கள் முப்பத்தி ஒரு பேரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், மத்தியானத்துக்குள் அரைமணி திரும்பி வந்தது. பொட்டு இருக்கிற கல்லையும் தட்டினாள், இல்லாத கல்லையும் தட்டினாள், புருஷன் தட்டினதைக் கேட்டுக் கேட்டே அவள் காதும் பழகியிருந்தது. யார் காட்டினாலும் சரி, யார் சொன்னாலும் சரி, கூடப்பிறந்தவன் சொன்னாலும் சரி, தட்டாமல் ஒருத்தரையும் அடியில் விடமாட்டாள்.

ஆடி மாசம் ஒருநாள் காலையில் அவள் கிழக்குச் சுவரைத் தட்டிக்கொண்டு வரும்போது தவசி வந்து நின்றான். மெலிந்து, தாடி வளர்ந்து, துண்டில்லாமல். பத்தடி தள்ளியே நின்றான், அவனுக்கும் சட்டம் தெரியும்.

"யக்கா. என்னையும் ஒருதரம் தட்டிப் பாருக்கா."

ஒச்சம்மா திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் அவன் உட்கார்ந்து தழும்பேறின இடம் அவளுக்கு அந்த நேரத்தில் கனத்தது. ஒரு எட்டு முன்னால் வைத்து, கம்பியின் நுனியை நீட்டி, அவன் நெஞ்சுக்கூட்டில், சின்ன வயசில் சளி பிடித்தால் தைலம் தேய்த்துவிடுகிற இடத்தில், மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

பொத்தென்றது. டீ கிளாசோடு நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"எப்ப விழுவேன்னு தெரியாம இருக்க முடியலக்கா" என்று தவசி அழுதான். "உனக்குத்தான் சத்தம் தெரியுமே. இன்னும் எம்புட்டு நாளு தாங்கும், அத மட்டும் சொல்லு."

"நீ எங்கடா இனிமே விழுகப் போற?" என்றாள் ஒச்சம்மா. "நீ அன்னைக்கே விழுந்துட்ட. அடியில அவரு நின்னாரு."

கம்பியை அவன் நெஞ்சிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.